ஓடாத ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறீர்களா?

பிரிட்டனில் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் கார் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். கூடவே "ஸ்டார்ட் ஆகாது, சின்னக் கோளாறுதான்" என்பார்கள். 2003 முதல் 2012 வரை தயாரான இந்தக் காரில் பிஸ்டன் கிடையாது. இரண்டு முக்கோண ரோட்டார்கள்தான் சுழலும். வழக்கமான மெக்கானிக் கணக்கு இங்கே செல்லாது.

1. வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி, அரசு இணையதளத்தில் எம்ஓடி எனும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் வரலாற்றைப் பாருங்கள், இலவசம். "போன மாசம்வரை ஓடிச்சு" என்பது எவ்வளவு உண்மை என்று பாதி தெரிந்துவிடும்.

2. சாவியைத் தொடுமுன் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ரோட்டார் சீல்களுக்கு மசகு வேண்டி இந்த எஞ்சின் ஆயிலைத் தானே கொஞ்சம் எரிக்கும். ஊற்ற மறந்தவரின் வண்டி என்றால் ஸ்டிக் காய்ந்திருக்கும். ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறப் படலம் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். குளிரில் குட்டித் தூரம் ஓடிய ஆர்எக்ஸ்-8இல் அது சகஜம். கூலண்ட்டும் குறைந்திருந்தால்தான் கவலை.

3. குளிர்ந்த எஞ்சினை முடுக்கி, உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகி, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். நான் பார்த்த ஒரு வண்டியை, கழுவுவதற்காகப் பத்தடி நகர்த்தி அணைத்திருந்தார்கள். அவ்வளவுதான் நோய்! வைத்தியம்: முழு சார்ஜ் உள்ள பேட்டரி, ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்தபடி சில நொடி கிராங்க். அப்படி மிதித்தால் பெட்ரோல் வருவது நின்றுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இடையிடையே ஓய்வு கொடுங்கள். மசியாவிட்டால் நான்கு பிளக்குகளையும் கழற்றித் துடையுங்கள். மேல் பிளக் வேறு, கீழ் பிளக் வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

4. கிராங்க் செய்யும்போது ரேடியோவை அணைத்து, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "சுஃப் சுஃப் சுஃப்" என்று ஒரே சீராக வர வேண்டும். தாளம் தப்பினால் ரோட்டார் முனை சீல் போயிருக்கலாம்.

5. மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல இதற்குக் கம்ப்ரெஷன். சாதாரண கேஜ் ரோட்டாரின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டுமே காட்டி ஏமாற்றும். ரோட்டரி டெஸ்டர் வைத்திருப்பவரை அழைத்துப் போங்கள். ஆறு எண்கள் வரும். நிமிடத்துக்கு 250 சுற்றில் ஒவ்வொன்றும் சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. சோதிக்க விடமாட்டேன் என்றால், எஞ்சின் செத்தது என்றே விலை பேசுங்கள்.

6. எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிட்டதா? நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, அணைத்து, மறுபடி முடுக்குங்கள். குளிரில் எழுந்து சூட்டில் படுத்தால், பெரும்பாலும் கம்ப்ரெஷன் குறைகிறது என்று பொருள்.

7. நான்கு இக்னிஷன் காயில்களும் அடிக்கடி கெடும்; மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் கெட்ட காயிலோடு ஓட்டியிருந்தால், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கியிருக்கும். அதையும் பாருங்கள்.

8. பேரம் முடிந்ததா? கயிறு கட்டி இழுக்காமல் ரெக்கவரி லாரியில் ஏற்றி வாருங்கள். சாவி இரண்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.