வீட்டு விதிகள்

ஹாட் வீல்ஸ் பொம்மை மகிழுந்தைத் திருப்பிப் பார்த்தால், பல வண்டிகளின் அடிப்பாகத்தில் ‘மலேசியா’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். அவை பினாங்கு மாநிலத்தின் பிறையில் உள்ள மேட்டல் தொழிற்சாலையில் உருவாகி உலகெங்கும் செல்பவை. உள்ளங்கையில் அடங்கும் இவ்வண்டிகளை மேசைமேல் மோதவிட்டு விளையாடுவதற்கென்றே விதிநூல்களும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியான ‘கார் வார்ஸ்’ விளையாட்டில் சிறு அட்டைத் துண்டுகளே வண்டிகள். 2017இல் மைக் ஹட்சின்சன் எழுதி வெளிவந்த ‘கேஸ்லேண்ட்ஸ்’, வீட்டிலிருக்கும் பொம்மை மகிழுந்துகளையே களத்தில் இறக்கியது.

கேஸ்லேண்ட்ஸில் ஒரு சுற்று ஆறு கியர் கட்டங்களாகப் பிரிக்கப்படும். மூன்றாம் கியரில் செல்லும் வண்டி முதல் மூன்று கட்டங்களில் மட்டும் நகரும்; ஆறாம் கியரில் செல்வது ஆறிலும் நகரும். வேகம் கூடக்கூட வாய்ப்பும் கூடும், ஆபத்தும் கூடும். சறுக்கினாலும் மோதினாலும் ஆபத்து வில்லைகள் சேரும். ஆறு வில்லைகள் சேர்ந்துவிட்டால் வண்டி நிலைதடுமாறிச் சுழலும். கியரும் ஒன்றுக்கு இறங்கிவிடும்.

இவை நூலில் உள்ள விதிகள். சிலாங்கூரின் வடகோடியில், சுங்கை ஆயர் தாவாரில் உள்ள ஒரு வீட்டு மேசையில் இதே விளையாட்டு நடைபெறுவதாகக் கொள்க. அவ்வட்டாரத்தில் தென்னைக்கும் செம்பனைக்கும் இடையே ‘பாரிட்’ எனப்படும் கால்வாய்கள் ஓடுகின்றன. பிள்ளைகள் நீலத் துணிநாடாவை விரித்து, அதைப் பாரிட் என்கின்றனர். அதில் விழுந்த வண்டி என்னவாகும்? அந்த நாடாவைப் பற்றி நூலாசிரியருக்கு எப்படித் தெரியும்? விளையாடுவோர்தாம் முடிவு செய்ய வேண்டும். ஒரு சுற்று முழுவதும் நகராமல் கிடந்துவிட்டு, முதல் கியரில் கரையேறலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால், அதுவே வீட்டு விதி.

தமிழர்களுக்கு இது புதிதன்று. தாய ஆட்டத்தில், எதிரியின் காய் ஒன்றையாவது வெட்டாதவர் உள்கட்டத்திற்குள் நுழையக்கூடாது என்பது பல குடும்பங்களின் விதி. வேறு சில குடும்பங்களில் அந்தத் தடை இல்லை. தடை இருக்கும் வீட்டில், சண்டைக்குப் போகாமல் ஒதுங்கி ஓடுபவர் வெல்லவே முடியாது. தடை இல்லாத வீட்டில் அவரே கெட்டிக்காரர். ஒரே கட்டம், அதே சோழிகள். ஆனால், ஒரு வரி விதி ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. திருமணமாகி வந்த மருமகளும் மாமியாரும் முதன்முதலாகத் தாயம் ஆடும்போது எழும் வாக்குவாதத்திற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்!

வீட்டு விதி எப்போதும் ஆட்டத்தை மேம்படுத்தும் என்று சொல்ல முடியாது. மோனோபோலியில் வரிப் பணத்தையும் அபராதத்தையும் பலகையின் நடுவில் குவித்து, இலவச நிறுத்துமிடத்தை அடைபவருக்கு அள்ளிக் கொடுப்பது பலருடைய வழக்கம். அச்சிட்ட விதிகளில் அப்படி இல்லை. வங்கிக்குப் போக வேண்டிய பணம் ஆட்டக்காரர்களிடமே திரும்பி வருவதால், தோற்க வேண்டியவர் தோற்பதில்லை, ஆட்டமும் முடிவதில்லை. கடைசியில், பழி மட்டும் விளையாட்டின்மேல் விழுகிறது.

வண்டிப் போரில் வேறொரு சிக்கல் உண்டு. அண்ணனின் வண்டி மோதித் தம்பியின் வண்டி முதல் பத்து நிமிடத்திலேயே நொறுங்கிவிட்டால், மீதி நேரமெல்லாம் தம்பி வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அதனால், நொறுங்கிய வண்டி மீண்டும் களத்திற்கு வரலாம் என்று விதி சேர்ப்பர். இரக்கமான விதிதான். ஆயினும், இழப்பு எதுவுமின்றித் திரும்பலாம் என்றால், மோதலுக்கு யாரும் அஞ்ச மாட்டார்கள்; வேகத்தைக் கணித்து ஓட்டும் திறனுக்கும் பயனில்லாமற்போகும். முதல் கியரில், பாதி வலிமையோடு, பாதையின் தொடக்கத்திலிருந்து வரட்டும் என்பது இரண்டுக்கும் நடுவான வழி.

விதிகள் பெருகினால் என்ன ஆகும் என்பதைப் பிரஷ்யப் படை கண்டது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் அதிகாரி, வரைபடத்தின்மேல் ஆடும் போர்ப் பயிற்சி விளையாட்டுக்கு விரிவான விதிகளை வகுத்தார். பகடையும் அட்டவணையும் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்தன. 1876இல் வெர்டி து வெர்னுவா, பட்டறிவுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று அவற்றை ஒதுக்கினார். ஆனால், ஆட்டத்தில் சேராத நடுவர் படைமுகாமில் கிடைப்பார். வீட்டில் கிடைப்பது அரிது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய அக்காளின் வண்டியும் களத்தில்தானே நிற்கிறது!

ஆகவே, பாதி ஆட்டத்தில் விதியை மாற்றுவதில்லை என்பதே பிற விதிகளுக்கெல்லாம் முந்தியதாக இருக்க வேண்டும். எதிர்பாராத சிக்கல் வந்தால், அன்றைக்கு மட்டும் பகடையை உருட்டி முடிவு செய்துகொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது முடிவான பிறகு எல்லாரும் அமர்ந்து பேசி, ஒப்புக்கொண்டதைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி, வண்டிகள் வைக்கும் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவைக்கலாம்.