பிக்கப் வண்டிகளுக்கு உறுதியான பக்கப்படி தேர்ந்தெடுத்தல்

நெல் மூட்டை, உர மூட்டை, வாழைத்தார், பால் கேன் முதலியவற்றை ஏற்றிச் செல்ல முன்னாளில் இரட்டை மாட்டுவண்டி நின்ற இடத்தில், இப்பொழுது பெரும்பாலான ஊர்களில் பிக்கப் என்னும் சிறு பார மோட்டார் வண்டி வந்து நிற்கிறது. 2005-ம் ஆண்டில் டாட்டா ஏஸ் விற்பனைக்கு வந்த பிறகு சிறு வண்டிகளும், பொலேரோ, ஈசுசு முதலிய பெரிய பிக்கப்புகளும் குடியானவர்களிடையே பரவியிருக்கின்றன. இவ்வண்டிகளை வாங்கும்போது இஞ்சினைப் பற்றியும், டயரைப் பற்றியும், எத்தனை மூட்டை ஏறும் என்பதைப் பற்றியும் அநேகர் நுணுக்கமாக விசாரிக்கிறார்கள். ஏறி இறங்கும் படியைப் பற்றி மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. சில வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே படி உண்டு, பலவற்றுக்கு இல்லை. இல்லாதவற்றுக்குக் கடையில் கண்ட பளபளப்பான குழாய் ஒன்றை மாட்டிக்கொள்வதோ, ஊர்ப் பட்டறையில் ஆங்கிள் இரும்பை வெட்டி ஒட்டவைத்துக்கொள்வதோ வழக்கமாயிருக்கிறது.

மாட்டுவண்டியில் சக்கரத்தின் ஆரக்காலில் கால்வைத்து ஏறி வைக்கோல் மேல் உட்கார்ந்த கால்களுக்குப் பிக்கப்பின் உயரம் ஒரு சங்கடமே. நாற்று நடவு முடித்துக் களிமண் ஒட்டிய காலோடு ஏறும் ஆள், முழங்கால் வலியுள்ள முதியவர், புடவை கட்டிய ஸ்திரீகள் ஆகியோரே வழுக்கி விழுகிறவர்களில் முதன்மையானவர்கள். வயது சென்றவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அவர் மறுபடியும் முன்போல் நடமாடுவது கடினம். கூலியாளுக்குக் கணுக்கால் பிசகினால் அறுவடைக் காலத்துச் சம்பாத்தியம் முழுவதும் போய்விடும். வண்டியின் விலையோடு ஒப்பிடும்போது படியின் விலை அற்பமே ஆயினும், அதை அலங்காரப் பொருளாக எண்ணி வாங்குதல் தகாது.

உயரமும் அகலமும்.— கடைக்குப் போகுமுன் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, சமதரையில் வண்டியை நிறுத்தி, தரையிலிருந்து ஓட்டுநர் அறையின் தளம் வரையில் அளந்துகொள்ள வேண்டும். அது 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். படி ஏறத்தாழ நடுவில், 35 முதல் 40 செ.மீ. உயரத்துக்குள் அமைந்தால் இரண்டு எட்டும் ஒத்து வரும். முதல் எட்டு 50 செ.மீ. ஆகிவிட்டால் சிறுவரும் முதியவரும் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறுவார்கள். கதவின் கீலும் கெடும், ஆளும் விழுவான். படியை வெகு தாழ்வாக வைத்தாலோ வேறொரு தொல்லை உண்டு. வரப்பையோ வாய்க்காற் கரையையோ வண்டி கடக்கும்போது அந்த மேடு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவேதான் வந்து நிற்கும். அந்த இடத்தில்தான் படியும் தொங்குகிறது. ஆகையால் உங்கள் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் மிக உயர்ந்த மேடு எதுவோ அதை அளந்து, பாரம் ஏற்றியதும் வண்டி அமுங்கும் அளவையும் அதனோடு கூட்டி, அதற்குமேல் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு தேவைகளும் ஒத்துவராத பாதையாயின், படியைச் சற்று உயர்த்திக்கொண்டு, கதவுத் தூணில் உறுதியான கைப்பிடி ஒன்று அமைத்துக்கொள்வதே நல்லது.

மிதிக்கும் பரப்பு 12 முதல் 15 செ.மீ. அகலமாவது இருத்தல் அவசியம். பாதத்தின் முன்பாதி முழுவதும் பதிந்தாலன்றி உடம்பின் பாரம் நிலைகொள்ளாது. வெறும் உருண்டைக் குழாயின்மேல் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டி விற்கும் படிகள் நகரத்துச் சப்பாத்துக்குப் போதுமானவையாயிருக்கலாம். வெறுங்காலுக்கும் சேற்றுச் செருப்புக்கும் அவை உதவா. துளைகளும் மேல்நோக்கிய பற்களும் உள்ள தகடே சிறந்தது, ஏனெனில் களிமண் துளை வழியே கீழே விழுந்துவிடும். செக்கர் பிளேட் என்னும் கட்டம் போட்ட தகட்டில் சேறு பள்ளங்களில் நிரம்பி உலர்ந்துவிட்டால் அது வழவழப்புத் தகடுதான். மின்சாரத்தால் கதவோடு தானே இறங்கி ஏறும் படிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றின் கீல்களில் வயற்சேறு புகுந்தபின் நேரிடுவதைச் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்?— இவ்விஷயத்தைச் சற்று விரிவாகக் கவனிப்போம். 70 கிலோ எடையுள்ள ஆள் ஒருவன் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையோடு படியில் கால் வைத்தால் 120 கிலோ. (யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது; அதனால் கணக்கு அதிகமாக மாறாது.) மெதுவாக நிற்கும்போதுதான் 120, திடீரென்று மிதிக்கும் பாரம் இரும்புக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகத் தாக்கும். ஆகவே 240 கிலோவைத் தாங்கும் படி வேண்டும் என்றாகிறது. "150 கிலோ தாங்கும்" என்று விற்பவர் சொன்னால், ஒரு பக்கத்துப் படிக்கா, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தா, நடுவில் நின்றாலா, ஓரத்தில் நின்றாலா என்று கேட்டுப் பார்க்கவும். பதில் வராத கடைகள் பல.

படி முறிவது பெரும்பாலும் மிதிக்கும் குழாயில் அன்று; அதை வண்டியோடு பிணைக்கும் பிராக்கெட் என்னும் தாங்கியிலேயே முறியும். காரணம் நெம்புகோலின் நியாயம். கால் மிதிக்கும் இடம் வண்டியின் சேஸிஸிலிருந்து 25 செ.மீ. வெளியே இருக்கிறது என்றும், தாங்கியைப் பிடிக்கும் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைத்தூரம் 5 செ.மீ. என்றும் கொள்வோம். 120 கிலோவை 25-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால், ஒரே தாங்கிக்கு நேராக மிதிக்கும்போது மேல் போல்ட்டை வெளியே இழுக்கும் விசை 600 கிலோ. திடீர் மிதியில் 1200. அதே தாங்கியில் போல்ட்டுகளின் இடைத்தூரம் 12 செ.மீ. ஆனால் 600 என்பது 250 ஆகக் குறைந்துவிடும். எனவே கடையில் படியைப் பார்ப்பவர் முதலில் அதைத் திருப்பிப் போட்டுத் தாங்கியைப் பார்க்க வேண்டும். உயரமான தாங்கி, மூலைச்சட்டம் வைத்துப் பற்றவைத்தது, போல்ட்டுத் துளைகள் மேலும் கீழுமாக நன்கு விலகியிருப்பது ஆகிய இவையே நல்ல படியின் அடையாளங்கள். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்றும் பார்க்கவும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் எஃகு என்பதற்கு முதல் 8 அடையாளம். பொறிப்பு ஒன்றுமில்லாத போல்ட்டு பந்தல்காலுக்குப் போதும், படிக்குப் போதாது.

தாங்கிகள் ஒரு பக்கத்துக்கு இரண்டா மூன்றா என்பதும் சாதாரண வித்தியாசமன்று. தாங்கல்களின் இடைத்தூரம் பாதியானால் நடுவில் வளைவு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். குழாயின் கனமும் இவ்வாறே: தகட்டின் தடிப்பு ஒன்றாகவே இருக்க, 50 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குப் பதில் 75 மி.மீ. குழாய் போட்டால் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஆனால் விட்டம் பெருத்துத் தகடு மெலிந்த குழாயும் சந்தையில் உண்டு. தடிப்பு 2 மி.மீ.க்குக் குறைந்ததை விட்டுவிடுக.

மாட்டிய பிறகு சோதிப்பது எளிது. படியின் நடுவிலிருந்து தரைக்கு உள்ள உயரத்தை அளந்துகொண்டு, 80 கிலோ குறையாத ஒருவரை அதன் வெளி ஓரத்தில் நிறுத்தி மறுபடியும் அளக்கவும். வண்டியின் வில் அமுங்குவதையும் கழிக்க வேண்டியிருப்பதால், அதே நேரத்தில் சேஸிஸின் உயரத்தையும் குறித்துக்கொள்ளவும். படி மாத்திரம் தனியாக 1 செ.மீ.க்கு மேல் தாழ்ந்தாலும், ஆள் இறங்கிய பின் பழைய நிலைக்கு வராவிட்டாலும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

எதில் பிணைப்பது?— பொலேரோ, ஈசுசு போன்ற பிக்கப்புகளில் ஏணியைப் போன்ற சேஸிஸ் கீழே தனியாகவும், ஓட்டுநர் அறையும் பாரப்பெட்டியும் அதன்மேல் வேறு வேறாகவும் அமர்ந்திருக்கின்றன. மேடுபள்ளத்தில் செல்லும்போது அறை ஒருபுறமும் பெட்டி வேறுபுறமும் அசையும். நீண்ட படி ஒன்றின் ஒரு முனையை அறையிலும் மறு முனையைப் பெட்டியிலும் பிணைத்தால், அவ்விரண்டின் அசைவும் படியை முறுக்கி, சில மாதங்களில் பற்றவைத்த இடத்தில் கீறல் விழும். ஆகையால் சேஸிஸில் மாத்திரமே பிணைக்க வேண்டும். அதுவும் தொழிற்சாலையில் இட்ட துளைகளிலேயே மாட்டும்படியான தாங்கியைத் தேடி வாங்க வேண்டும்.

ஊர்ப் பட்டறைக்காரர் சேஸிஸில் நேராக வெல்டிங் வைக்க முன்வருவார். இணங்க வேண்டாம். வெல்டிங்கின் உஷ்ணத்தால் அவ்விடத்து எஃகின் பதம் மாறிவிடும். சேஸிஸை ஒட்டியே பிரேக் குழாயும் டீசல் குழாயும் மின்கம்பிகளும் ஓடுகின்றன. இக்காலத்து இஞ்சினை நடத்தும் மின்னணுப் பெட்டிக்கும் அது ஆபத்து. புதுத் துளை போடுவதும் அப்படியே. வீட்டு உத்திரத்தில் துளையிட நேர்ந்தால் நல்ல தச்சர் நடுப்பாகத்தில்தான் இடுவார். மேல்விளிம்பையோ கீழ்விளிம்பையோ தொடமாட்டார், ஏனெனில் பாரம் முழுவதும் அவ்விரு விளிம்புகளில்தான் இழுவிசையாகவும் அமுக்கமாகவும் ஓடுகிறது. சேஸிஸும் ஓர் உத்திரமே.

உலோகம்.— உள்நாட்டு ஜில்லாக்களில் சாதாரண எஃகுக் குழாய், நாகமுலாம் தோய்த்ததாயின், வெகுகாலம் உழைக்கும். மேலே பூசிய கறுப்புப் பவுடர் பூச்சு மாத்திரம் உள்ள குழாயில், கல்லடி பட்ட இடத்தில் பூச்சு உரிந்து அதன் கீழே துரு பரவும்; வெளியே தெரியாது. நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடி முதலிய கடலோரத்தாரும், பொட்டாஷ் உரம் அடிக்கடி ஏற்றுகிறவர்களும் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. கடலுப்பைப் போலவே குளோரைடு இரும்பை அரிக்கும். அலுமினியம் இலேசானது, துருவேறாது. ஆனால் எஃகுத் தாங்கியோடு நேராகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிபடும். இடையில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் அவசியம்.

நமது வீடுகளில் எவர்சில்வர் என்று சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல தரங்கள் உண்டு. 304 என்ற தரம் போதுமானது. கடலோரத்துக்கு மாலிப்டினம் கலந்த 316 மேலானது. 202 என்ற மலிவான தரத்தை 304 என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டவில்லையென்று திருப்திப்படுவது வழக்கம். ஆனால் 202-உம் காந்தத்தில் ஏறக்குறைய ஒட்டாது. தரத்தைப் பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு. எந்தக் குழாயானாலும் அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று பார்க்கவும். இரு முனைகளையும் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, துளையில்லாமல் விட்ட குழாயில் மழைநீர் தங்கி உள்ளிருந்தே அரித்துவிடும். மாதம் ஒருமுறை சிறு சுத்தியலால் தட்டினால், நல்ல இடத்தில் கணீரென்றும் அரித்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும்.

சட்டம்.— இப்பகுதி நிலச்சொந்தக்காரருக்கு எவ்வளவோ அவ்வளவு கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் உரியது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு, வண்டியின் பக்கப்படியிலோ கூரையிலோ முன்மூடியிலோ ஆளை ஏற்றிச் செல்வதையும், அவ்வாறு பிரயாணம் செய்வதையும் தடுக்கிறது. நடவு நாட்களிலும் திருவிழா நாட்களிலும் படியில் நான்கு பேர் தொங்கிக்கொண்டு போகும் காட்சியைக் காணாதவர் நம்மில் யார்? எவ்வளவு உறுதியான படியும் ஓடும் வண்டியில் நிற்பதற்கு ஏற்பட்டதன்று. படி அகலமாகவும் நன்றாகவும் இருந்தால் இந்த ஆசை அதிகமாகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சொந்தக்காரர் தம் ஓட்டுநருக்கு இதைக் கண்டிப்பாக உத்தரவிடவேண்டும். அலுவலர்கள் நடவு தொடங்குமுன் ஊரில் எடுத்துச் சொல்லலாம்.

அதே சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுக்கச் சொன்னது முன்புறத்து இரும்புக் காப்புக் கம்பிகளை; பக்கப்படியை அன்று. எனினும் மட்கார்டுக்கு வெளியே துருத்தி, வண்டியின் அகலத்தைக் கூட்டும் படி வீண் வம்பு. தயாரிப்பாளரே அந்த மாதிரிக்கென்று விற்கும் படியைப் பில்லோடு வாங்குவதும், சந்தேகமிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாக விசாரிப்பதும் நலம்.

மாட்டிய பின் முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கவும். பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் முறுக்கினால் போதும். டயர் கழற்ற ஜாக்கியைப் படியின் கீழ் வைக்கலாகாது. ஆள் பாரத்துக்கு ஏற்பட்ட தாங்கி வண்டியின் பாரத்தைத் தாங்காது. இறங்கும்போது முகம் வண்டியை நோக்கியிருக்க, இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்பொழுதும் பிடிப்பில் இருக்கும்படி இறங்கச் சிறுவர்களுக்கும் ஆட்களுக்கும் பழக்கவும். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கப்படியில் ஏறுவதைவிட, பின்கதவைத் திறந்து கீழிருந்து ஒருவர் கொடுக்க மேலிருந்து ஒருவர் வாங்குவது வேகமும் குறையாது.