எண் அழிந்த டிரான்ஸிஸ்டரை இனங்காணும் முறை

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலையை அடுத்த எல்லைக் கிராமங்களில், கோயில் திருவிழாவாயினும் தேவாலயத் திருநாளாயினும் மைக் செட் இன்றி நடைபெறுவதில்லை. 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் அங்குள்ள பழுது பார்க்கும் கடைகளில் தமிழும் மலையாளமும் ஒரே மேசையில்தான் வழங்குகின்றன. அவ்விரண்டுக்கும் பொதுவானது டிரான்ஸிஸ்டரின் மேல் அச்சிட்ட எண். அந்த எண் அழிந்திருந்தால் என் செய்வது? அக்கடைகளில் நான் கண்டு கற்ற முறையை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்கிறேன்.

பழைய ஆம்ப்ளிஃபயர்களில், முன்பு பழுது பார்த்தவர் மாற்றி வைத்த டிரான்ஸிஸ்டர்களே பெரும்பாலும் இருக்கும். சிலவற்றில் எண் மங்கியிருக்கும், சிலவற்றில் சுரண்டப்பட்டிருக்கும்.

முதலில் மின் இணைப்பை நீக்குக. பெரிய கண்டென்ஸர்களில் தேங்கிய மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியாக வடித்துவிடுக. பின்னர் டிரான்ஸிஸ்டரைச் சுற்றிலிருந்து கழற்றியே சோதிக்க வேண்டும். இல்லையேல் அருகிலுள்ள மின்தடைகளும் டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களும் பொய்க் கணக்குக் காட்டும்.

இரு கால்களும் உலோகக் கூடும் கொண்ட வகையில் கூடுதான் கலெக்டர். எஞ்சியவை பேஸும் எமிட்டரும். டிஜிட்டல் மீட்டரை டயோடு நிலையில் வைத்து, எந்த முனையிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஒரே திசையில் மின்சாரம் பாய்கிறது என்று பாருங்கள். அதுவே பேஸ். பேஸில் நேர்முனை வைத்தபோது பாய்ந்தால் அது என்.பி.என்.; எதிர்முனை வைத்தபோது பாய்ந்தால் பி.என்.பி. மீட்டர் 0.6 வோல்ட் அளவில் காட்டினால் சிலிக்கன்; 0.2 வோல்ட் அளவில் காட்டினால் ஜெர்மானியம். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 1.2 வோல்ட் அளவில் காட்டினால், ஒரே கூட்டுக்குள் இரண்டு டிரான்ஸிஸ்டர்களைக் கொண்ட டார்லிங்டன் என ஐயுறலாம்.

இதுவரை அறிந்தது இனத்தை மட்டுமே. அது எவ்வளவு வோல்ட்டைத் தாங்கும், எவ்வளவு வெப்பத்தைப் பொறுக்கும் என்பதை மீட்டர் சொல்லாது. அதைச் சுற்றிடம் கேட்க வேண்டும்.

12 வோல்ட் பாட்டரியில் இயங்கி, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட புஷ்-புல் செட்டில், ஓய்ந்திருக்கும் டிரான்ஸிஸ்டரின் கலெக்டரில் ஏறக்குறைய 24 வோல்ட் வரை ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டில் மொத்த வழங்கு மின்னழுத்தம் முழுவதையும் ஒரு டிரான்ஸிஸ்டரே தாங்க நேரும். நாடறிந்த 2என்3055 பேஸ் திறந்த நிலையில் தாங்குவது 60 வோல்ட். ஆகவே 70 வோல்ட் செட்டில் கூடு பொருந்துகிறது என்பதற்காக அதனை வைப்பது தகாது.

எண் தெளிவாக இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். ஆர்.சி.ஏ. நிறுவனம் 1960-களில் வெளியிட்ட 2என்3055 மெதுவானது. பின்னர் பலர் வேறு முறையில் செய்து அதே எண்ணில் விற்றவை வேகம் மிக்கவை. அவற்றைப் பழைய சுற்றில் இட்டால், சில வேளை காதுக்குக் கேளாத அலைவு எழுந்து டிரான்ஸிஸ்டர் சூடாகும்.

மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுக. கூட்டுக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையே மைக்கா தகடு இருந்த இடத்தில் மீண்டும் இடுக. மெயின்ஸில் இயங்கும் செட்டாயின், முதன்முறை இயக்குகையில் 60 வாட் குண்டு பல்பை அதனோடு தொடராக இணைத்துவிடுக. பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் நலம். விடாமல் ஒளிர்ந்தால் உடனே நிறுத்துக. பின்பு ஓய்வு மின்னோட்டத்தைப் பாருங்கள்: 0.33 ஓம் எமிட்டர் மின்தடையில் 10 மில்லி வோல்ட் இருந்தால், ஓட்டம் ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர்.

வாடகைக்கு மைக் செட் விடுவோர்க்குத் திருவிழாக் காலமே வருவாய்க் காலம். ஒரு தவறான டிரான்ஸிஸ்டர் அவர்தம் ஒலிபெருக்கியையும் சேர்த்து எரித்துவிடலாம். ஆதலின், நண்பர்களே, “பொருந்துகிறதா?” என்று கேட்பதோடு நில்லாது, “தாங்குமா?” என்றும் கேட்கப் பழகுவோம்.