முட்டும் கிடாவை அடக்குவது எப்படி?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலை ஊர்களில் தோட்டங்கள் பெரும்பாலும் சரிவில் உள்ளன. இங்கு கிடா முட்டித் தள்ளினால் ஆள் உருண்டு விழ நேரும். ஆகவே இப்பழக்கத்தைக் குட்டியிலேயே தடுக்க வேண்டும்.

கிடாக்குட்டியின் நெற்றியைத் தள்ளி விளையாடக் கூடாது. குட்டியில் வேடிக்கையாக இருப்பது வளர்ந்தபின் ஆபத்தாகும். புட்டிப்பால் குடித்துத் தனியே வளர்ந்த கிடா மனிதரையும் தன் இனமாக எண்ணி மோதும். எனவே பிற குட்டிகளுடன் சேர்த்து வளர்க்கவும்.

பெட்டைகள் பருவத்துக்கு வரும்போது கிடாவின் மூர்க்கம் கூடும். 25 பெட்டைகளுக்கு ஒரு பொலிகிடா போதும். அதைத் தனித் தடுப்பில் அடைக்கவும். மற்றக் கிடாக்குட்டிகளைக் கால்நடை மருந்தகத்தில் காயடித்து விடலாம். முட்டிப் பழகிய கிடாவைக் கயிறு கட்டியே வெளியே கொண்டு செல்லவும்; கயிற்றைச் சிறுவரிடம் கொடுக்கக் கூடாது. தீனி வைக்கும்போது அதற்கு முதுகைக் காட்டக் கூடாது. அடித்தால் மூர்க்கம் கூடுமே தவிரக் குறையாது.

சாதுவான கிடா திடீரென முட்டி, எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்தினால் வெறிநோயாக இருக்கலாம். அதன் வாயில் கைவிடாமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கவும். எச்சில் பட்ட காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளவும்.