ஒரே ஒரு எழுத்து மாறினால்...!
(சிக்குன்குனியா வைரஸின் பயணக் கதை)



'சிக்கன்' என்று காதில் விழுவதால், கோழிக்கறி சாப்பிட்டால் சிக்குன்குனியா வரும் என்று நம்ம ஊரில் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். கோழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1952-இல் இன்றைய தான்சானியா நாட்டில் இந்நோய் அறியப்பட்டது. மூட்டுவலியால் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் மக்கோண்டே மொழிச் சொல்தான் 'சிக்குன்குனியா'. பரப்புவது ஏடிஸ் கொசு.

வைரஸைப் பின்தொடர்வது எப்படி?

இந்த வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. அதில் ஏறத்தாழ 11,800 'எழுத்துகள்' உள்ளன. வைரஸ் பெருகும்போது இவை நகல் எடுக்கப்படுகின்றன. அப்போது நேரும் எழுத்துப்பிழைதான் மரபணு மாற்றம்.

நம் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 'ஒளிச்சேர்க்கை' என்பதை 'ஒலிச்சேர்க்கை' என்று எழுதிவிட்டார். அவர் நோட்டைப் பார்த்து எழுதின எல்லாரிடமும் அதே பிழை இருக்கும். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று சார் உடனே கண்டுபிடித்துவிடுவார்! விஞ்ஞானிகளும் இப்படித்தான் துப்பறிகிறார்கள்.

பழைய எதிரியா, புதிய எதிரியா?

இந்தியாவில் 1963-இல் கொல்கத்தாவிலும் 1964-இல் சென்னை, வேலூரிலும் இந்நோய் பரவியது. அது ஆசிய வகை வைரஸ். 1973-க்குப் பிறகு சுமார் 32 ஆண்டுகள் பெரிதாகத் தலைகாட்டவில்லை. 2005 கடைசியில் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் கிளம்பி, 2006-இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அந்த ஒரே ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

தூங்கின பழைய வைரஸ்தான் எழுந்துவிட்டதா? புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தார் எழுத்துகளைப் படித்துப் பார்த்தார்கள். அது ஆப்பிரிக்க வகை! 2004-இல் கென்யக் கடற்கரையில் பரவி, 2005-இல் இந்தியப் பெருங்கடல் தீவுகளைத் தாக்கிய வைரஸின் நெருங்கிய உறவு.

226-ஆம் இடம்

ரீயூனியன் தீவில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் நோயில் விழுந்தனர். அங்கே வைரஸின் ஈ1 புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனின் போய் வாலின் வந்திருந்தது. மாறியது ஒரே ஒரு எழுத்து! அதனால் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசுவின் உடம்பில் வைரஸ் முன்னைவிட எளிதாகப் பெருகியது.

2007-இல் கேரளத்திலும் இதே மாற்றம் தெரிந்தது. அப்படியானால் ரீயூனியனிலிருந்து வந்ததா? இல்லை. மற்ற பிழைகள் எல்லாம் 2006-இன் இந்திய வைரஸோடுதான் ஒத்துப்போயின. ஆக, அதே பிழை இங்கே தனியாக நேர்ந்திருக்கிறது. ஒரு பிழையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, நோட்டு முழுவதையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டில் கேரளத்திலிருந்து சென்ற ஒரு பயணியோடு இந்த வைரஸ் இத்தாலிக்கும் போய், 200-க்கும் மேற்பட்டோரைப் படுக்க வைத்தது.

நம் டெல்டாவில்...

"வயல்ல தண்ணி நிக்குது, கொசு வராம என்ன செய்யும்?" என்பார்கள் நம் பெரியவர்கள். வயலில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. அது இரவில் கடிக்கும், ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும். பகலில் கடிக்கும் ஏடிஸ் நம் வீட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. போன ஞாயிறு எங்கள் தெருவில் பத்து வீடுகளில் பார்த்தேன். மூடாத டிரம், கொட்டாங்கச்சி, பழைய டயர், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் என்று ஏழு வீடுகளில் புழு நெளிந்தது. காவிரியில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இவற்றில் தண்ணீர் நிற்கிறதே!

சிக்குன்குனியாவைக் குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் பல மாதம் சாகாது.

ஒவ்வொரு நோயாளியின் உடம்பிலும் வைரஸ் கோடிக்கணக்கில் நகல் எடுக்கிறது. நோயாளிகள் குறைந்தால் நகல் குறையும், நகல் குறைந்தால் புதிய மாற்றமும் குறையும். இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் டிரம்மை மூடுங்கள்!