கோழிக்குஞ்சுகளின் மூளை நோயும் கெட்ட தீனியும்

கோழி வளர்ப்பை உபதொழிலாகக் கொண்ட குடியானவர்கள், இரண்டு முதல் நான்கு வார வயதுள்ள குஞ்சுகளிற் சில திடீரெனத் தள்ளாடுவதையும், தலையைப் பின்னுக்கு வளைத்துக் கால்களை உதைத்துக்கொண்டு விழுந்து மடிவதையும் கண்டிருக்கலாம். தீனியின் குறையால் சிறுமூளை கெடுவது இதற்கு ஒரு காரணமாகும். 1931-ஆம் ஆண்டில் பப்பன்ஹைமர், கெட்ஷ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் இந்நோயை விவரித்து வெளியிட்டனர்.

நோயின் காரணம்

மீனெண்ணெய், தவிட்டெண்ணெய், மக்காச்சோள எண்ணெய் முதலியவற்றிலுள்ள கொழுப்பு பிராணவாயுவுடன் எளிதிற் கூடிக் கெடும் இயல்புடையது. கெட்ட ஓர் அணு தன்னை அடுத்ததையும் கெடுக்கும். வைக்கோற்போரில் பற்றிய தீயைப்போல் அது தொடர்ந்து செல்லும். மூளையின் உயிரணுக்களிலுள்ள கொழுப்புக்கும் இக்கதியே நேரிடும். இத்தொடரை இடையில் அறுப்பது ஈ வைட்டமின். அது போதாவிடில் சிறுமூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்து அடைபடும். அப்பகுதி வீங்கி, மென்மையாகி, இரத்தக் கசிவுடன் அழியும்.

குஞ்சுகளின் தீனியில் கிலோவுக்கு 10 அலகு ஈ வைட்டமின் வேண்டுமென்று 1994-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் வகுத்தது. தீனியில் எண்ணெய் மிகுந்தாலோ, அது கெட்டிருந்தாலோ, இவ்வளவு போதாது.

தடுக்கும் முறைகள்

1. அரிசித் தவிடு அரைத்த சில நாட்களிலேயே சிக்கு வாடை கொள்ளும். ஆதலால் புதுத்தவிடு, அல்லது எண்ணெய் நீக்கிய தவிடே உபயோகிக்க வேண்டும்.
2. தானியத்தை முழுதாக வைத்திருந்து, வேண்டியபோது அரைத்துக்கொள்க. அரைத்து நாட்பட வைத்த மாவில் ஈ வைட்டமின் குறைந்துவிடும்.
3. கலந்த தீனியை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, விரைவில் செலவழித்துவிடுக.
4. குதிரைமசால், இளம்புல் முதலிய பசுந்தழைகளை நாள்தோறும் நறுக்கிப் போடுக.

கழுத்துத் திருகல் ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சலிலும், பி1 வைட்டமின் குறைவிலும் உண்டாகும். வெள்ளைக்கழிச்சல் தொற்றுநோய். எனவே நோய்கண்ட குஞ்சுகளை உடனே பிரித்து வைத்துக் கால்நடை வைத்தியருக்குக் காட்டுவது அவசியம். தீனிக் குறைவே காரணமென்று தெரிந்தால், மந்தை முழுவதற்கும் ஈ வைட்டமின் அளித்து, பழைய தீனியை அப்புறப்படுத்த வேண்டும். தப்பிய குஞ்சுகள் இதனாற் காக்கப்படும். ஆனால் அழிந்த மூளைப்பகுதி மீளாது.

மனிதருக்கும் பொருந்துமா?

பக்கவாதத்தில் இரத்தக் குழாய் அடைபட்டு மூளை கெடும்போதும் இத்தகைய பிராணவாயுச் சிதைவு நிகழ்கிறது. அதைத் தடுக்கும் எடரவோன் என்னும் மருந்து ஜப்பானில் 2001-இல் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் இவ்வகையைச் சேர்ந்த வேறொரு மருந்து, 3,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2007-இல் பயனற்றதென முடிவாயிற்று. ஆகையால் குஞ்சுக்கு உதவிய வைட்டமினை நம்பி வீட்டில் காலங்கடத்துவது பெருந்தவறு. வாய் கோணுதல், ஒரு கை சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, தகுதியுள்ள நோயாளிக்கு, நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்துவதே பொதுவான முறை. கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு எடுத்துச் சொல்வது நலம்.