வண்டிக்குதிரைக்கு ஜீனி போடுமுன்



பழனியில் ஜட்கா ஓட்டிவந்த ஒருவரிடமிருந்து குதிரை வாங்கியிருப்பதாகவும், அது ஏற்கெனவே கடிவாளத்துக்குப் பழகியதாகையால் வண்டியை அவிழ்த்துவிட்டு ஜீனியைப் போட்டு ஏறிவிடலாமென்று உன் சிநேகிதர்கள் சொல்வதாகவும் எழுதி, ஒரு வாரம் போதுமா என்று கேட்டிருந்தாய். இந்த அபிப்பிராயத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. வண்டியில் பூட்டிய குதிரை சவாரிக்கு லாயக்கே இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னவர்கள் அவசரக்காரர்கள், பின்னவர்கள் சோம்பேறிகள் என்பதைத் தவிர இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. உன் குதிரை நன்றாகக் கற்றறிந்த பிராணி. அது கற்றதில் பாதி உனக்கு உதவும், மற்றப் பாதி உன்னைக் கீழே தள்ளும்.

உதவும் பாதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றுவார் இறுகினால் அது துள்ளாது; லாரியின் ஹாரனுக்கு மிரளாது; சொல்லுக்கு நிற்கும், சொல்லுக்குப் புறப்படும். வண்டிக்காரர் எந்தச் சொல்லுக்கு நிறுத்தினார், நாக்கைச் சொடுக்கினாரா, உதட்டால் ஒலியெழுப்பினாரா என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்; அதைவிட மதிப்புள்ள பொருள் எதையும் அவர் உனக்கு விற்கவில்லை.

இனி முதுகின் விஷயம். ஜட்காவில் ஏறியவுடன், "முன்னாலே தள்ளி உட்காருங்க சாமி" என்றும், கொஞ்ச தூரம் போனதும் "பின்னாலே போங்க" என்றும் வண்டிக்காரர் நம்மை நகர்த்திக்கொண்டே இருந்தது வெறும் தொந்தரவென்றே பலரும் எண்ணினார்கள். முன்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் வழியாக அது குதிரையின் முதுகில் இறங்கும், பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி வயிற்றுவாரை இழுக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். சக்கரத்தின்மேல் பாரம் சமனாக நின்றுவிட்டால் குதிரை இழுக்க வேண்டியதுதான். சுமக்க வேண்டியது மிகச் சொற்பம். சவாரியிலோ பாரம் முழுவதும் முதுகின்மேல்தான்.

இந்த இடத்தில் கௌடில்யரை அழைக்காமல் என்னால் மேலே செல்ல முடியாது. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூல்நிலையத்தில் கொடுத்த ஏட்டுச்சுவடியை 1905-இல் சாமசாஸ்திரி கண்டறிந்து, 1909-இல் அவருடைய அர்த்தசாஸ்திரத்தை அச்சிட்டு வெளியிட்ட வரலாறு பிரசித்தமானது. அன்றுமுதல் அந்நூலைப் படிப்பவர்களெல்லாம் ஒற்றர்களையும் மண்டலக் கொள்கையையும் பற்றியே பேசித் தீர்க்கிறார்கள். இரண்டாம் அதிகரணத்தில் அசுவாத்தியட்சனை, அதாவது குதிரைகளின் மேற்பார்வையாளனைப் பற்றிய அத்தியாயத்தை யாரும் நின்று படிப்பதாகத் தெரியவில்லை. கொட்டில் எப்படி இருக்க வேண்டும், குதிரைக்கு என்ன தீனி, ஈன்ற பெட்டைக்கு என்ன பானம் என்று லாயத்து வாசனை அடிக்கும் அந்த அத்தியாயத்தில், ஒரு நாளில் செலுத்தத்தக்க தூரத்தை ஆசிரியர் தரம்பிரித்துச் சொல்கிறார்: தேரிழுக்கும் குதிரைக்குக் கடைத்தரம் 6 யோசனை, உச்சம் 12; முதுகில் சுமக்கும் குதிரைக்குக் கடைத்தரம் 5, உச்சம் 10. இழுப்பதைக் காட்டிலும் சுமப்பது கடினம் என்ற உண்மை இந்த இரண்டு வரிசைகளில் அடங்கிக் கிடப்பதாகவே நான் கொள்கிறேன். எண்கள் வெறும் சம்பிரதாயம் என்று சில வித்துவான்கள் தள்ளிவிடக்கூடும். அவர்கள் குதிரையின் முதுகெலும்பைப் பார்த்தவர்களல்லர். முன்கால் ஜோடிக்கும் பின்கால் ஜோடிக்கும் நடுவே பாலம்போல் தொங்கும் அந்தத் தண்டை, கீழிருந்து வயிற்றுத் தசைகள் தாங்கி உயர்த்தாவிடில், மேலே உட்காருகிறவனின் பாரம் அதைப் பள்ளமாக்கிவிடும். நெஞ்சுப்பட்டையில் சாய்ந்து இழுத்தே பழகிய உன் குதிரைக்கு அந்தத் தசைகள் இனிமேல்தான் வலுப்பெற வேண்டும். அதற்கு வாரங்களல்ல, மாதங்கள் ஆகும்.

கணக்கையும் பார். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் சுமார் 265 கிலோ. ஜீனி உட்பட ஐந்திலொரு பங்கு, அதாவது 53 கிலோவுக்குமேல் ஏற்றலாகாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. நீயோ சென்ற வருஷமே 60-ஐத் தாண்டியவன்!

அதைவிட முக்கியமானது கண். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் சிறிது தவிர, ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும் சக்தியை இயற்கை குதிரைக்கு அளித்திருக்க, கண்பட்டையைக் கட்டி அதன் உலகத்தை ஒரு சாலையாகக் குறுக்கிவிடுகிறோம். அந்தப் பட்டையை அகற்றிய அன்றே ஒருவன் அதன் முதுகின்மேல் காலைத் தூக்கிப் போட்டால், தலைக்குப் பின்னே திடீரென்று முளைத்த அந்த உருவத்தைக் கண்டு அது ஓடாமல் வேறென்ன செய்யும்? வண்டிக்குதிரை முரண்டு செய்வதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை கண்பட்டையின் கதைகளே என்பது என் திடமான கொள்கை. வண்டியில் பூட்டியிருக்கும்போது அதை ஒருபோதும் கழற்றாதே, அது உயிராபத்து. லாயத்தில் கழற்றி, வெறுங்கண்ணோடு கையில் பிடித்து நடத்தி, பக்கத்தில் ஒரு திண்ணைமேல் நீ ஏறி நின்று, உயரத்திலிருந்து உன் குரல் வருவதைப் பழக்கு. பிறகு ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நீ வயிற்றால் முதுகின்மேல் சாய்ந்து சாய்ந்து இறங்கு. அது பெருமூச்சு விட்டு, தலையைத் தாழ்த்தி, வாயை மென்றபின்தான் காலைச் சுழற்ற வேண்டும்.

ஏறியபின், குதிகாலால் உதைக்காதே. விலாவில் கால் அழுந்தினால் முன்னே போக வேண்டுமென்று அதற்கு யார் சொன்னது? முதலில் காலை மெல்ல அழுத்து, உடனே வண்டிக்காரரின் ஒலியைக் கொடு, அதற்கும் நகராவிடில் சவுக்கால் தொடு. புதிய சமிக்ஞை முன்னே, பழகியது பின்னே. இந்த வரிசையை மாற்றினால் குதிரை பழையதை மட்டுமே கவனித்துப் புதியதை விட்டுவிடும்.

பாய்ச்சலுக்கு அவசரப்படாதே. சீரான ஓட்டத்தை விட்டுப் பாய்ந்தபோதெல்லாம் தண்டிக்கப்பட்ட குதிரை அது. அமெரிக்காவில் வண்டிப் பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் ஸ்டாண்டர்டுபிரெட் குதிரைகளுக்கும் இதே கதிதான். அங்கே குதிரை பாய்ச்சலுக்கு மாறினால் ஓட்டுகிறவர் அதை அடக்கியே ஆகவேண்டும் என்பது விதி. ஓய்வுபெற்றுச் சவாரிக்கு வரும்போது அவை பாய அஞ்சி, ஓட்டத்தையே மேலும் மேலும் விரைவாக்கும். சற்றே ஏறுமுகமான மண்பாதையில் கேட்டால் பாய்ச்சல் தானாகவே வரும்; வந்தவுடன் லகானைப் பிடித்திழுத்துக் குதிரையைக் குழப்பிவிடாதே.

முதலில் ஒன்று செய். முதுகுத்தண்டின் இருபுறமும் தோளிலிருந்து இடுப்புவரை விரல் நுனிகளால் அழுத்திக்கொண்டே போ. எங்கே தோலைச் சிலிர்க்கிறது, எங்கே முதுகைத் தாழ்த்துகிறது, வயிற்றுவார் உராய்ந்த இடத்தில் வெள்ளைமயிர் இருக்கிறதா என்பதையும், மேலே சொன்ன இரண்டு அளவுகளையும் அடுத்த கடிதத்தில் எழுது. அதுவரை ஜீனி வாங்காதே.

இங்ஙனம்,
உன் ஆசிரியன்